மழலையர் வகுப்பில் பின்மனிதவியம்: முதல் 12 வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியர் பயிற்சியிலோ முதுகலைப் படிப்பிலோ ‘பின்மனிதவியம்’ என்ற சொல் வந்து கையில் விழுகிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் 20 பேர் இருக்கும் அறையில் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோட்பாட்டு நூல்கள் பெரும்பாலும் ‘மாற்றிச் சிந்தியுங்கள்’ என்பதோடு நின்றுவிடும். களிமண் எத்தனை கிலோ, பெற்றோருக்கு என்ன எழுதுவது, மதிப்பீட்டுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் அவற்றில் கிடைக்காது.

முதலில் ஒன்று. இது ஒரு கற்பித்தல் முறை அல்ல. இதற்குக் கையேடும் உபகரணப் பெட்டியும் சான்றிதழும் கிடையாது. அந்தப் பெயரில் யாராவது ஒரு பெட்டியை விற்க வந்தால் வாங்காதீர்கள். கற்றல் குழந்தையின் தலைக்குள் மட்டும் நடப்பதில்லை. கை, மண், தண்ணீர், மேசையின் உயரம், மணி அடிக்கும் நேரம், எதிரே நிற்கும் இன்னொரு குழந்தை எல்லாம் சேர்ந்துதான் அது நடக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டு வகுப்பை மறுபடி பார்ப்பது, பார்த்ததை வைத்து ஒவ்வொன்றாக மாற்றுவது, இவ்வளவுதான் வேலை.

தேவையானவை: 12 வாரம், ஒரே ஒரு பொருள், ஒரு நோட்டு, ஒரு கேமரா, உங்களோடு சேர்ந்து பார்க்க ஒரு சக ஆசிரியர். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது. அதை முதலில் தேடுங்கள்.

1. கோட்பாட்டை அளவோடு வாசியுங்கள் (3 வாரம்)

பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘பின்’ என்றதும் மனிதருக்குப் பிறகு வரப்போகும் ரோபோ உலகம் என்று பலர் நினைக்கிறார்கள். மனித உடலை எந்திரத்தால் மேம்படுத்தலாம் என்பது டிரான்ஸ்ஹியூமனிசம், அது வேறு கட்சி. மனிதரே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற நம்பிக்கையைத் தாண்டி வருவதுதான் இங்கே பேசப்படும் ‘பின்’. குழந்தையைக் கவனிக்காமல் விடுவது என்றும் இதற்குப் பொருள் இல்லை.

தொடங்குவதற்கு மூன்று கருத்துகள் போதும்.

செயலாற்றல்: ஒன்றைச் செய்ய வைக்கும் திறன் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. ஈரமான மண் கையை ஒருவிதமாக நடத்துகிறது, காய்ந்த மண் வேறுவிதமாக நடத்துகிறது. அமெரிக்க அரசியல் கோட்பாட்டாளர் ஜேன் பென்னட் 2010இல் பொருட்களின் இந்த ஆற்றலைப் பற்றி விரிவாக எழுதினார்.

அகவினை: கேரன் பராட் கோட்பாட்டு இயற்பியல் படித்து, பிறகு தத்துவத்துக்கு வந்தவர். 2007இல் வந்த தம் நூலில் அவர் சொல்வது இது: இரண்டு தனிப் பொருட்கள் முன்பே முழுமையாக இருந்து, பிறகு ஒன்றையொன்று தொடுகின்றன என்பது இடைவினை. தொடுதலுக்குள்ளேயே அவை இன்னின்னவை என்று உருவாகின்றன என்பது அகவினை. ‘திறமையான குழந்தை’, ‘அடங்காத குழந்தை’ என்று ஒருவர் அறைக்குள் நடந்து வருவதில்லை. அந்த நாற்காலி, அந்த நேரம், அந்தக் கூட்டம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு குழந்தையை அப்படி ஆக்குகின்றன. மழலையர் வகுப்பில் நேரடியாகப் பயன்படுவது இந்தக் கருத்துதான்.

விளிம்பு விளைவு: இது பள்ளி இயற்பியலில் படித்த அதே சொல். அலை ஒரு தடையின் விளிம்பில் வளைந்து, மற்ற அலைகளோடு கலந்து புதிய வரிகளை உண்டாக்குவது போல, ஒரு பதிவை வெவ்வேறு பார்வைகளின் ஊடே வாசிப்பது. அமெரிக்கக் கோட்பாட்டாளர் டோனா ஹாராவே தொடங்கிவைத்ததை பராட் விரித்தார். இதன் செய்முறை 6ஆம் படியில் வருகிறது.

வாசிக்கும் வரிசையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் டெலூஸ், குவாட்டாரியிலிருந்து தொடங்கினால் இரண்டாம் வாரமே நூலை மூடிவிடுவீர்கள். மழலையர் கல்விக்குள்ளிருந்து எழுதியவர்களை முதலில் எடுங்கள்: சுவீடனின் ஹில்லெவி லென்ஸ் தாகுச்சி, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கரின் மரிஸ், கனடாவில் பணியாற்றும் வெரோனிக்கா பசினி-கெச்சபா, ஆஸ்திரேலியாவின் அஃப்ரிகா டெய்லர். இவர்களில் ஒருவருடைய இரண்டு கட்டுரைகள் போதும். பராட்டை அதற்குப் பிறகு, ஒரே ஒரு இயல். வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிச்ச நேரம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

2. அனுமதி, ஆவணம்: வாசிக்கும்போதே தொடங்குங்கள்

ஆவண வேலை எப்போதும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். வாசிப்பு நடக்கும் அதே 3 வாரத்தில் இதையும் முடியுங்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். அதில் ஏழு விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தக் குழு, எத்தனை குழந்தைகள், வாரம் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்தப் பொருள், யார் உடன் இருப்பார், பாடத்திட்டத்தின் எந்த நோக்கங்களோடு இது பொருந்துகிறது. ஏழாவது இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரும்.

பெற்றோர் ஒப்புதல் படிவம். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். பங்கேற்பு, புகைப்படம், வீடியோ, குரல்பதிவு, அறைக்கு வெளியே காட்டுவது ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். பதிவு எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிக்கப்படும், இடையில் விலகலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். படிவம் திரும்பி வர 2 வாரம் கொடுங்கள். வராத படிவத்துக்கு ‘சம்மதம்’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

பெற்றோர் கடிதத்தில் ‘பின்மனிதவியம்’ என்ற சொல்லே வேண்டாம். மறைப்பதற்காகச் சொல்லவில்லை, அந்தச் சொல் அவர்களுக்கு எதையும் தெரிவிக்காது என்பதற்காகச் சொல்கிறோம். இப்படி எழுதலாம்: ‘அடுத்த 8 வாரம் குழந்தைகள் களிமண்ணோடு வேலை செய்வார்கள். மண், தண்ணீர், மேசை, அறை ஆகியவை அவர்களுடைய செயலை எப்படி மாற்றுகின்றன என்று கவனித்து எழுதுவோம். உடை அழுக்காகும், பழைய உடை ஒன்று அனுப்புங்கள்.’ கடைசி வரியை விட்டுவிட்டால் முதல் வாரமே புகார் வரும்.

குழந்தையின் சம்மதம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் தினமும் கேட்க வேண்டும். கேமராவைப் பார்த்து முகம் திருப்புவது, மேசையை விட்டு எழுந்து போவது, நோட்டைக் கையால் மூடுவது எல்லாமே ‘வேண்டாம்’ என்றுதான் பொருள். அன்றைய பதிவில் அந்தக் குழந்தை இருக்கக் கூடாது.

ஆய்வேட்டுக்காகச் செய்கிறீர்கள் என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வந்த பிறகே முதல் படம் எடுங்கள். எடுத்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது. அப்படி எடுத்ததை ஆய்வேட்டில் சேர்க்கவும் முடியாது.

பதிவுகளில் பெயர் வேண்டாம், ஓர் எழுத்து போதும். எந்த எழுத்து யார் என்ற பட்டியல் வேறு இடத்தில் பூட்டி இருக்கட்டும்.

3. ஒரே ஒரு பொருள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு அலமாரியையே கவிழ்த்துப் போடுவது. கூழாங்கல், துணி, குழாய், மூடி, இலை என்று 15 வகை உதிரிப் பொருட்களைப் பரப்பிவிட்டால் குழந்தைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். நீங்கள் பார்ப்பது தாவுதலை மட்டும்தான். ஒரு பொருளின் குணம் தெரிய வேண்டுமானால் அதோடு 8 வாரம் இருக்க வேண்டும். காகிதம், மரக்கரி, களிமண், மரக்கட்டை, தண்ணீர் எல்லாமே ஒத்துவரும். காகிதம் மலிவானது, சுத்தம் செய்வதும் எளிது. இருந்தாலும் முதல் முறைக்குக் களிமண்ணையே பரிந்துரைக்கிறோம். அது எதிர்த்து நிற்கும், வழுக்கும், காயும், பிளக்கும், மறுநாள் வேறொன்றாக இருக்கும். பொருளின் செயலாற்றல் என்பதை யாரும் விளக்காமலே காட்டிவிடும்.

அளவு: 5 குழந்தைகள் கொண்ட குழுவுக்கு ஒரே கட்டியாக 10 கிலோ. மொத்தம் 20 கிலோ வாங்கினால், பாதியைப் பயன்படுத்தி மறுபாதியைப் பதப்படுத்தி, 8 வாரத்தையும் ஓட்டிவிடலாம். இங்கே முக்கியமானது எடையைவிட வடிவம். ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தால் ஆளுக்கு ஒரு பொம்மை வரும், ‘இது என்னுடையது’ என்ற சண்டையும் கூடவே வரும். மேசை நடுவில் பெரிய கட்டியாக வைத்தால் ஐந்து பேரும் அதைச் சுற்றி நிற்க வேண்டியிருக்கும். ஒருவர் அழுத்தினால் இன்னொருவர் பக்கம் பிதுங்கும். உருண்டையா கட்டியா என்பதை நீங்கள் முடிவு செய்யும்போதே பகிர்தலா சண்டையா என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறீர்கள்.

நீர்க்களிமண் வாங்குங்கள். எண்ணெய் கலந்த வண்ணப் பிசைமண் காயாது, மாறாது. இந்த வேலைக்கு ஆகாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். காய்ந்துபோனால் தூக்கி எறிய வேண்டாம். முழுதாகக் காயவிட்டு, சிறு துண்டுகளாக உடைத்து, மூழ்கும் அளவு தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, மேல்நீரை இறுத்து, நீர் உறிஞ்சும் பலகையில் பரப்பிப் பிசையுங்கள். பாதி காய்ந்த கட்டியை ஊறவைத்தால் உள்ளே கரையாத கட்டிகள் நிற்கும். முழுதாகக் காய்ந்ததுதான் நன்றாகக் கரையும்.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலுக்கு ஆகாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கையை நேராகத் தொட்டியில் கழுவ விடாதீர்கள், மண் குழாயை அடைத்துவிடும். இரண்டு வாளித் தண்ணீர் வையுங்கள், ஒன்றில் அலசி மற்றதில் கழுவட்டும். இரவு தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

உதிரிப் பொருட்களைத்தான் எடுப்பேன் என்றால் வயதைப் பாருங்கள். 3 வயதுக்கு உட்பட்டோருக்கான பொருட்களைச் சோதிக்க அமெரிக்க விதி ஓர் உருளையைப் பயன்படுத்துகிறது. அதன் விட்டம் 31.7 மி.மீ., ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்குவது தொண்டையை அடைக்கும் பொருள். பொத்தான் பேட்டரி, சிறு காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருகும் ஜெல் மணி ஆகிய மூன்றும் எந்த மழலையர் அறையிலும் வேண்டாம். ‘பொருட்களுக்கும் செயலாற்றல் உண்டு’ என்பதை அவை மருத்துவமனையில் நிரூபிக்கும்.

4. அறையையும் கடிகாரத்தையும் மாற்றுங்கள்

களிமண்ணை எடுத்து வைக்க 10 நிமிடம், கை கழுவி உடை மாற்ற 15 நிமிடம் போகும். அட்டவணையில் 30 நிமிடம் கொடுத்திருந்தால் வேலைக்கு மிஞ்சுவது 5 நிமிடம்தான். அப்போது ‘குழந்தைகளுக்குக் கவனம் நிற்கவில்லை’ என்று எழுதினால், அது கடிகாரத்தைப் பற்றிய குறிப்புதான். 65 முதல் 70 நிமிடம் வாங்குங்கள். 5 குழந்தைகள், வாரம் 2 முறை, 8 வாரம், மொத்தம் 16 அமர்வுகள். மற்ற குழந்தைகளை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் வேண்டும். இந்த ஏற்பாட்டின் உண்மையான செலவு அவருடைய நேரம்தான், மண்ணும் துணியும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

முதல் அமர்வுக்கு முன்பு அறையின் வரைபடம் ஒன்று போடுங்கள்: கதவு, சன்னல், மேசை, நாற்காலி, தண்ணீர் இருக்கும் இடம், நீங்கள் வழக்கமாக நிற்கும் இடம். பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், நின்று வேலை செய்யட்டும்; உடல் எடை முழுதும் கைக்கு வரும், அதுவரை மண்ணோடு ஒட்டாத குழந்தைகள் உள்ளே வருவதைப் பார்க்கலாம். அதற்கடுத்த இரண்டு வாரம் மேசையையும் எடுத்து, தரையில் தார்ப்பாய் விரியுங்கள். கடைசி இரண்டு வாரம் தண்ணீரின் அளவை மாற்றுங்கள்: ஒரு வாரம் ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம், மறுவாரம் நடுவில் ஒரே ஒரு பெரிய பாத்திரம்.

ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

5. கவனிப்பதும் எழுதுவதும்

மொத்த வேலையின் நடுப்புள்ளி இதுதான். இதில் தேறினால் மற்றவற்றில் கொஞ்சம் கோட்டை விட்டாலும் பரவாயில்லை.

2010இல் கரின் ஹல்ட்மனும் லென்ஸ் தாகுச்சியும் மணல்தொட்டியில் விளையாடும் ஒரு சிறுமியின் புகைப்படத்தை வைத்துக் கேட்ட கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: படத்தில் மணலும் இருக்கிறது, சிறுமியும் இருக்கிறாள், நம் கண் ஏன் சிறுமியிடம் மட்டும் போய் நிற்கிறது? நம் பழக்கம் கேமராவைப் பிடிக்கும் கோணத்திலேயே தொடங்கிவிடுகிறது. முகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். மேசை மட்டத்தில், கையும் பொருளும் படச்சட்டத்துக்குள் நிற்கும்படி, சிறு தாங்கியில் வைத்துவிடுங்கள். கையில் பிடித்தால் உங்களை அறியாமலே முகத்துக்குத் தூக்குவீர்கள்.

ஒரு மணி நேரத்தையும் எடுக்க வேண்டாம். 4 அல்லது 5 நிமிடத் துண்டுகள் இரண்டு போதும். 4 நிமிடத்தை எழுத முக்கால் மணி ஆகும். இதைக் கணக்கில் வைக்காமல் மணிக்கணக்காக எடுத்துக் குவித்தவர்கள் கடைசியில் ஒன்றையும் பார்ப்பதில்லை.

ஒரே நான்கு நிமிடத்தை இரண்டு விதமாக எழுதினால் வேறுபாடு தெரியும். வழக்கமான குறிப்பு இப்படி இருக்கும்:

‘9:40–9:44. க. களிமண்ணை அழுத்தினாள். நுண்தசை இயக்கம் நன்று. ம.வுடன் பேச்சு இல்லை. 9:43க்குப் பிறகு இருவருக்கும் கவனம் சிதறியது. உருவம் எதுவும் செய்யவில்லை.’

அதே நான்கு நிமிடம், பொருளையும் சேர்த்து:

‘9:40. கட்டி மேசை நடுவில். மேல்பக்கம் காய்ந்திருக்கிறது. க. ஒரு விரலால் குத்துகிறாள். விரல் 1 செ.மீ. போய் நிற்கிறது. இரண்டு கையாலும் அழுத்துகிறாள். கட்டி அசையவில்லை, மேசை நகர்கிறது. எதிரே நிற்கும் ம. மேசையைப் பிடித்துக்கொள்கிறான். 9:41. க. கிண்ணத் தண்ணீரை மேலே ஊற்றுகிறாள். கை வழுக்கி முழங்கை வரை சேறு. ம. சிரிக்கிறான், தன் கையையும் வைக்கிறான். 9:43. தண்ணீர் மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் சொட்டுகிறது. இருவரும் குனிந்து சொட்டைப் பார்க்கிறார்கள். 9:44. ம. விளிம்பில் ஒரு துண்டு மண்ணை ஒட்டுகிறான். சொட்டு நிற்கிறது. தண்ணீர் வேறு வழி தேடுகிறது.’

முதல் குறிப்பில் ‘பேச்சு இல்லை’. இரண்டாவதில், மேசை நகர்ந்ததால் ம. உள்ளே வந்துவிட்டான், இருவருக்கும் பேச்சு தேவைப்படவே இல்லை. முதலாவதில் ‘கவனம் சிதறியது’. இரண்டாவதில் கவனம் களிமண்ணிலிருந்து தண்ணீருக்குப் போயிருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் அணை கட்டப்படுகிறது. குழந்தையைப் பற்றி ஒரு குறை எழுதப்படாமல் போனது இந்தப் பார்வையின் நேரடிப் பயன்.

இரண்டாவது குறிப்பின் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தண்ணீர் தேடாது. ‘துண்டின் இடப்பக்கமாக ஓடுகிறது’ என்று எழுத வேண்டும். பொருளுக்குச் செயலாற்றல் உண்டு என்பதை, பொருளுக்கு ஆசையும் கோபமும் உண்டு என்று எழுதத் தொடங்குவது மிகப் பரவலான தவறு. ‘களிமண் அவளை அழைத்தது’ வகை வாக்கியம் அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நாளைக்கு என்ன மாற்றுவது என்று தெரியாது. ‘மேல்பக்கம் காய்ந்திருந்தது, விரல் நுழையவில்லை’ என்பதில் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. இலக்கணம் மனிதரை உயர்திணையில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அஃறிணைக்கு அனுப்பிவிட்டது. இந்தக் கோட்பாடு கேள்வி கேட்கும் கோடு நம் வினைமுற்றிலேயே இருக்கிறது. ஆனால் ‘குழந்தை அழுகிறது’ என்றுதான் சொல்கிறோம். ‘குழந்தை அழுத்துகிறது, மண் பிதுங்குகிறது, மேசை நகர்கிறது’ என்று எழுதும்போது மூன்றும் ஒரே வினைமுடிபில் வந்து நிற்கும். முதல் வரைவை இப்படி எழுதிப் பாருங்கள். எது எதை நகர்த்தியது என்பது தெளிவாகத் தெரியும். பெற்றோருக்குக் கொடுக்கும் படியில் ‘அவள்’, ‘அவன்’ என்று மாற்றிவிடுங்கள். தங்கள் பிள்ளையை மேசையோடு ஒரே வரிசையில் வைத்ததை எல்லோரும் ரசிக்க மாட்டார்கள்.

நோட்டில் நான்கு பத்திகள் போதும்: நேரம், உடல் செய்தது, பொருளும் இடமும் செய்தது, நான் செய்தது. நான்காவதைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்ட அடுத்த நொடியில் கைகள் நிற்பது எத்தனை முறை நடக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

6. பதிவை மூன்று முறை வாசியுங்கள்

வாரம் ஒருமுறை 45 நிமிடம், சக ஆசிரியரோடு, ஒரே ஒரு 4 நிமிடப் பதிவு. மூன்று வாசிப்புக்கும் தலா 10 நிமிடம், மிச்சம் 15 நிமிடம் முடிவுக்கு.

முதல் வாசிப்பு வளர்ச்சிப் பார்வையில்: உடல், மொழி, சமூகத் திறன்கள். இதை வெறுத்து ஒதுக்க வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வாசிப்பு இதுதான். இரண்டாவது, குழந்தையை வாக்கியத்தின் எழுவாயாக வைக்காமல்: மண், தண்ணீர், மேசை, வெளிச்சம், ஒலி மட்டும். மூன்றாவது, யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை: எந்த உடல்களுக்கு மேசை உயரம் பொருந்தியது, யார் உடை அழுக்காகும் என்று பயந்து பின்னால் நின்றார்கள், யாருடைய மொழியில் கட்டளைகள் வந்தன. மூன்றும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். எது சரியான வாசிப்பு என்று தீர்ப்புச் சொல்வது விளிம்பு விளைவின் வேலை இல்லை, உரசுவதால் புதிதாகத் தெரிவதை எடுத்துக்கொள்வதுதான்.

கூட்டம் ஒரே ஒரு முடிவோடு முடிய வேண்டும்: அடுத்த அமர்வில் எந்த ஒன்றை மாற்றுகிறோம். முடிவு வராத கூட்டம் இரண்டு முறை தொடர்ந்தால் மூன்றாவது முறை சக ஆசிரியர் வர மாட்டார்.

குழந்தைகளின் வேலையைப் படமும் குறிப்புமாகப் பதிந்துவைக்கும் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளின் மரபை அறிந்தவர்களுக்கு இந்த வேலையில் பாதி பழக்கமானதுதான். சுவரில் படம் ஒட்டுவதோடு அது நின்றுபோகும் அறைகள் நிறைய. சுவரில் ஒட்டிய படம் அடுத்த நாளை மாற்றவில்லை என்றால் அது அலங்காரம்தான்.

7. உயிருள்ளவை வந்தால்

மண்புழு, எறும்பு, நத்தை எல்லாம் அழைக்காமலே வந்துவிடும். மண்புழு தோலால் சுவாசிக்கிறது, தோல் காய்ந்தால் இறந்துவிடும். ஈரக்கையால் மட்டும் தொடுவது, வெயிலில் வைக்காமல் இருப்பது, எடுத்த இடத்திலேயே அன்றே திரும்ப விடுவது, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுவது, இந்த நான்கும் கட்டாயம். ‘வெட்டினால் இரண்டாகும்’ என்று ஒரு குழந்தை சொல்லும். ஆகாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரு புழு இறந்தால் மறைக்காதீர்கள், யார் என்ன செய்தார்கள் என்று விசாரணையும் நடத்தாதீர்கள். ‘நம் கையில் அதற்கு என்ன நேர்ந்தது?’ என்று குழுவாகப் பேச 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

குழந்தையும் இயற்கையும் களங்கமற்ற ஜோடி என்ற கற்பனையை டெய்லர் 2013லேயே கேள்விக்குட்படுத்தினார். தோட்டத்துக்கு அழைத்துப் போவதே பின்மனிதவியம் என்று நினைத்தால் அந்தக் கற்பனைக்குத்தான் திரும்பிப் போகிறீர்கள். பிளாஸ்டிக் வாளிக்கும் இங்கே இலைக்குச் சமமான இடம் உண்டு.

8. மதிப்பீட்டுப் படிவம்

படிவத்தை நிரப்பாமல் இருக்க இந்தக் கோட்பாடு உங்களுக்கு விலக்கு தராது. 6ஆம் படியின் முதல் வாசிப்பிலிருந்து படிவத்துக்கு வேண்டியதை எடுங்கள்; பக்கத்தில் ஒரு வரியில் சூழலையும் சேருங்கள். ‘கவனம் குறைவு’ என்று மட்டும் போட வேண்டாம். ‘நாற்காலியில் 6 நிமிடம், நின்று 25 நிமிடம் தொடர்ந்து வேலை செய்கிறான்’ என்று போடுங்கள். நிர்வாகம் இதை மறுப்பதில்லை, ஏனென்றால் இதில் எண் இருக்கிறது.

மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு குழந்தைக்குக் காது கேட்பதில் சிக்கல் இருக்கலாம், பேச்சு தாமதமாகலாம், கை இயக்கம் தடைபடலாம். ‘குறை குழந்தையிடம் இல்லை, சூழலில் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் கடத்திவிட்டால் இழப்பு குழந்தைக்குத்தான். சூழலை இரண்டு மூன்று விதமாக மாற்றியும் ஒரே தடை திரும்பத் திரும்ப வந்தால், உடனே வழக்கமான பரிசோதனைக்கு அனுப்புங்கள். உங்கள் பதிவுகள் மருத்துவருக்கும் பயன்படும்.

9. எதிர்க்கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

‘பொருளைப் பார்க்கிறேன் என்று ஏழ்மையையும் சாதி, இன, பாலின வேறுபாட்டையும் மறந்துவிடுகிறீர்களா?’ என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மூன்றாவது வாசிப்பு அதற்காகவே இருக்கிறது. கனடாவின் தொல்குடிகளில் ஒன்றான மேட்டி சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஜோயி டாட் 2016இல் இன்னொன்றைக் கேட்டார்: நிலமும் நீரும் விலங்கும் செயலாற்றுகின்றன என்று தொல்குடிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதை, அவர்கள் பெயரைச் சொல்லாமல் புதிய கண்டுபிடிப்பாக ஐரோப்பியச் சிந்தனை முன்வைப்பது எப்படிச் சரி? ஆய்வேடு எழுதுபவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடாமல் முதல் இயலிலேயே எதிர்கொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் வரும்.

10. கடைசி வாரம்

12ஆம் வாரத்தில் புதிய அமர்வு வேண்டாம். 16 அமர்வுகளின் பதிவிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: என்ன நடந்தது, எதை மாற்றினோம், மாற்றியதும் என்ன ஆனது. நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் அதே மூன்று பக்கம் போதும். குழந்தைகளுக்கு ஒரு துண்டு வீடியோவை மேசை மட்டத்திலேயே போட்டுக் காட்டுங்கள்; அவர்கள் எங்கே சுட்டிக்காட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தங்கள் முகத்தை விட்டுவிட்டு, சொட்டையோ பிளந்த இடத்தையோ காட்டுவார்கள்.

ஒப்புதல் படிவத்தில் எழுதிய தேதியில் வீடியோக்களை அழியுங்கள், தொலைபேசியின் தானியங்கிக் காப்புநகலிலும் சேர்த்து. அதை மறப்பவர்கள்தான் அதிகம். மண்ணை முழுதாகக் காயவிட்டு உடைத்துப் பையில் போட்டு, மேலே தேதியை எழுதி வையுங்கள். அடுத்த குழு தொடங்கச் சில நாள் முன்பே ஊறப்போட வேண்டும்.